குளத்தடியில் படிந்த துரு

ஒரு ஊரில் ஒரு வீடு இருந்ததாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம். குளம் நிறையத் தண்ணீர். இறங்கத்தான் ஆள் இல்லையாம்.

வீட்டுக்காரர் சிங்காரவேலு, எழுபது வயது. குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வந்தவள் சலோமி. அவர் மகளைவிடச் சின்னவள்.

"ஏம்மா இது தெளியவே மாட்டேங்குது? மூணு தடவை இறைச்சுக் கொட்டிட்டு மூணு தடவை ரொப்பினேன். விடும்போது கண்ணாடி மாதிரி இருக்கு. குளோரின் போட்டதும் டீத்தண்ணி."

"பால் ஊத்தினா ஊருக்கே குடுக்கலாம்," என்றாள் சலோமி.

அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பேத்தி வர்றா. ஆறு வயசு. அடி தெரியாத தண்ணியில அவளை இறக்க மாட்டேன். நீ பாட்டுக்குத் தெளிய வச்சுட்டுப் போயிடாத. எனக்குக் கத்துக்குடு."

அவள் குளத்தை நிரப்பும் போர் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்தாள். வாளியின் அடி பளிச்சென்று தெரிந்தது. ஒரு சிட்டிகை குளோரின் போட்டாள்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

அடி மெல்ல மறைந்தது.

"இரும்பு. தெளிவா இருந்தப்பவும் உள்ளதான் இருந்துச்சு. போர் போட்ட இடத்துல முன்னாடி என்னய்யா?"

"கிணறு. மழையில சரிஞ்சு தூந்துபோச்சு. எனக்கு அப்ப பத்து வயசு."

"உள்ள எதாச்சும் மாட்டிக்கிச்சா?"

"ஒரு வாளி."

வாளித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, "வேற ஒண்ணுமில்ல," என்றார்.

அவள் படிகாரம் கரைத்து ஊற்றினாள். மோட்டாரை நிறுத்தினாள்.

"ரெண்டு நாள் தொடாதீங்க. காலைக்கூட நனைக்காதீங்க. துரு அதுவா அடியில படியும்."

மூன்றாம் நாள் காலை அவள் வந்தபோது அவர் குளத்தோரம் நின்றிருந்தார்.

தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் வெள்ளை ஓடு. துரு முழுக்க ஒரே இடத்தில் படிந்திருந்தது.

ஒருக்களித்துப் படுத்த சின்னப் பையன் அளவுக்கு.

முழங்காலை மடக்கி, வயிற்றோடு எதையோ அணைத்துக்கொண்டு. வாளி போலிருந்தது.

சலோமி உறிஞ்சு குழாயை நீட்டினாள். "கலக்கிடாம எடுங்க."

"மறுபடி மொத்தமா இறைச்சுட்டா?"

"மறுபடி வரும்."

குழாய் அவர் கையிலேயே இருந்தது.

"என் தம்பிம்மா. கிணத்துல விழுந்த வாளியை எடுக்க நான்தான் அவனை இறக்கிவிட்டேன். மண்ணு சரிஞ்சதும் ஓடிவந்துட்டேன். சந்தைக்குப் போயிருக்கான்னு சொன்னேன். எங்கம்மா சாகுற வரைக்கும் ராத்திரி அவனுக்கு ஒரு தட்டு சோறு மூடி வச்சாங்க. நான் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டேன்."

"பேரு?"

அறுபது வருஷமாய் அவர் சொல்லாத பேர்.

"கதிரேசா," என்றார், குளத்தைப் பார்த்து.

தண்ணீர் அசையவில்லை. துரு அசைந்தது.

"திரும்பிக்குங்கய்யா," என்றாள் சலோமி.

"எதுக்கு?"

"சின்னப் பையன்தானே. பாத்துக்கிட்டே இருந்தா எந்திரிக்கக் கூச்சப்படுவான்."

திரும்பிக்கொண்டார்கள். படிக்கட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

மறுபடி பார்த்தபோது குளத்தின் அடி முழுக்க வெள்ளையாய்த் தெரிந்தது. குழாய் நனையவே இல்லை.

குளத்துப் படியிலிருந்து பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் காலடிகள். சாத்தியிருந்த சமையலறைக் கதவு வரை போயிருந்தன. அங்கே இரண்டு பாதமும் சேர்ந்து வெகுநேரம் நின்ற தடம். பிறகு காலடிகள் கேட்டைப் பார்த்துப் போயிருந்தன.

"பேத்தி இறங்கலாம்யா," என்றாள் சலோமி. குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சிங்காரவேலு கதவைத் திறந்து உள்ளே போனார். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, இன்னொரு தட்டால் மூடினார். எடுத்துக்கொண்டு, அந்தக் காலடிகளின் பின்னாலேயே நடந்தார்.