பீரோக்குள்ள குடியிருந்த பிரிண்டர்

படுத்தாச்சா? காலை நீட்டு. போர்வை நுனிய வாயில வைக்காத. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு இரும்பு பீரோ இருந்துச்சு. அந்த பீரோக்குள்ள, கீழ்த் தட்டுல பட்டுப்புடவை, அதுக்குப் பக்கத்துல பட்டு வேட்டி, நடுத் தட்டுல ஒரு பிரிண்டர் குடியிருந்துச்சு.

"பிரிண்டரா?"

ஆமா, காகிதத்துல அச்சடிக்கிற மெஷினேதான். சிரிக்காம கேளு. அந்த வீட்டுக்காரர் பேரு பஞ்சநதம். தாலுகா ஆபீஸ்ல வேலை. அவருக்கு ஒரு பொருள் புதுசா வந்துட்டா போதும், மேல தூசி படக்கூடாது, அடுத்தவங்க கண்ணு படக்கூடாது, பெத்த பொண்ணோட கைகூடப் படக்கூடாது. ரிமோட்டுக்கு பாலிதீன் உறை. சோபாவுக்கு மேல துண்டு, துண்டுக்கு மேல இன்னொரு துண்டு. பிரிண்டர் வந்த அன்னிக்கு அதுக்கு சந்தனம் வச்சாரு, குங்குமம் வச்சாரு, பீரோக்குள்ள வச்சாரு, பூட்டினாரு. சாவி அவர் இடுப்புல.

ம்.

அதுக்கு கரண்ட் வேணுமே? வெல்டிங் கடை ஆளைக் கூட்டிட்டு வந்து பீரோ முதுகுல ஓட்டை போட வச்சாரு. விர்ர்ர்ருனு ட்ரில்லிங் சத்தம், நாலு வீட்டு நாய் குலைச்சுது. அந்த ஓட்டை வழியா கரண்ட் ஒயர் போச்சு. மத்தபடி சேதி அனுப்ப ஒயரே வேணாம். ஹால்ல ஒரு வைஃபை பெட்டி இருக்கு. கம்ப்யூட்டர்ல தட்டினா, அந்தப் பெட்டி காத்துலயே பிரிண்டருக்குச் சேதி சொல்லிடும். அப்புறம் பஞ்சநதம் பீரோக்குள்ள கைய விட்டு, புடவை மேல விழுந்து கெடக்கிற காகிதத்தை எடுத்துக் குடுப்பாரு. எல்லாத்துலயும் பாச்சை உருண்டை வாசனை. அவர் குடுக்கிற ஃபைலை வாங்கினா ஆபீஸே தும்மும்.

ம்.

அப்போ அந்த வீட்டுக்குக் கீழயே ஒரு ஜெராக்ஸ் கடை. வச்சிருந்தவங்க ரெஜினா. ஒரு நாள் காகிதத்து ஓரத்துல மை ஈஷியிருக்குன்னு இவர் சண்டை போட்டாரு. "என் வீட்டுக்கே பிரிண்டர் வந்தாச்சும்மா. இனிமே நானோ என் குடும்பமோ உன் கடைப் படி ஏறினா என்னன்னு கேளு"ன்னு தெருவே கேக்கச் சொன்னாரு. ரெஜினா நிமிந்துகூடப் பாக்கல. "சந்தோஷம் சார். வரிசையில ஒரு ஆள் கொறைஞ்சுது"ன்னாங்க.

அதுல இருந்து பிரிண்டர் சரியா வேலை செஞ்சுதான்னா, இல்ல. தட்டுவாங்க, வரும்போல இருக்கும். அப்புறம் "பிரிண்டர் இணைப்பில் இல்லை"ன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்.

முதல்ல அவரே வைத்தியம் பாத்தாரு. பீரோவைத் தொறந்தாரு. ஸ்விட்சை அணைச்சாரு, டக். பத்து எண்ணினாரு. அதுலயும் ஆறுக்கு அப்புறம் எட்டுக்குப் போயிட்டாரு. ஸ்விட்சைப் போட்டாரு, டக். கிர்ர்ர், சரட்! காகிதம் வந்துடுச்சு. "பாத்தியா, கைராசி!"ன்னாரு. பீரோவைச் சாத்தினாரு, படார். சாவியத் திருப்பினாரு, க்ளிக். அவ்ளோதான், இணைப்பு போச்சு.

ம்.

ரெண்டாவதா மச்சினன் கோதண்டம் வந்தான். சென்னையில சாஃப்ட்வேர். என்ன சாஃப்ட்வேர்னு கேட்டா இருமுவான். மூணு தோசை, ரெண்டு காப்பி உள்ள போச்சு. அப்புறம் பீரோவைத் தொறக்கச் சொன்னான். "அத்தான், பாஸ்வேர்டு வீக்கா இருக்கு"ன்னு வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு போட்டான். பிரிண்டருக்கும் அதையே போட்டான். கிர்ர்ர், சரட்! வந்துடுச்சு. கோதண்டம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு பஸ் ஏறினான். பஞ்சநதம் பீரோவைச் சாத்தினாரு, படார். க்ளிக். இணைப்பு போச்சு. பிரிண்டர் மட்டுமா? அந்தப் புது பாஸ்வேர்டை அவன் யாருகிட்டயும் சொல்லாமலே போயிட்டான். போன் பண்ணி வாங்குறவரைக்கும் ஒண்ணரை நாள் வீட்ல யாருக்கும் இன்டர்நெட் இல்ல.

மூணாவதா கழுத்துல கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு மெக்கானிக் வந்தான். பீரோவைத் தொறந்து பாத்தான். முகத்தைச் சுளிச்சான், பாச்சை உருண்டை. எல்லாத்தையும் அழிச்சான், மறுபடியும் ஏத்தினான், வைஃபை பெட்டி சரியில்ல, புதுசு வாங்குங்கன்னான். அதையும் வாங்கினாங்க. கிர்ர்ர், சரட்! "சார், இப்பத்தான் செட் பண்ணிருக்கேன். ரெண்டு மூணு நாளைக்கு யாரும் தொடாதீங்க"ன்னுட்டுப் போனான். தொடாதேன்னா இவர் சும்மா விடுவாரா? சாவியோட இன்னொரு பூட்டும் போட்டாரு. படார், க்ளிக், க்ளிக். போச்சு.

தூங்கிட்டியா?

"ம்ஹும். கதவைத் தொறந்தா வருது பாட்டி!"

பாத்தியா, உனக்கு ஆறு வயசு. கோதண்டத்துக்கு முப்பத்தெட்டு.

பஞ்சநதத்துக்கு ஒரே பொண்ணு, வான்மதி. நர்ஸ் படிச்சவ. அரசாங்க நர்ஸ் வேலைக்கு ஒரு பரீட்சை, அதுக்கு ரெண்டு வருஷமாப் படிச்சா. இந்த வருஷத்தை விட்டா வயசு தாண்டிடும், அப்புறம் எழுதவே முடியாது. பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் ஹால் டிக்கெட் வந்துச்சு, அதுவும் கம்ப்யூட்டர்ல. காகிதத்துல அடிச்சு எடுத்துட்டுப் போகலேன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க.

அவ கம்ப்யூட்டர்ல தட்டினா. வரல. மறுநாளும் தட்டினா. வரல.

அந்தப் பொண்ணு ஒரு காரியம் பண்ணி வச்சிருந்தா. பிரிண்டர் வந்த நாள்ல இருந்து, காகிதம் வந்தா காலண்டர்ல ஒரு வட்டம், வரலேன்னா ஒரு பெருக்கல் குறி. எண்ணிப் பாத்தா இருபத்திமூணு. வட்டம் ஒம்பது, பெருக்கல் பதினாலு. காலண்டரைக் கழட்டிட்டுப் போய் அப்பா முன்னாடி வச்சா.

"அப்பா, வந்த ஒம்பது தடவையும் பீரோ தொறந்திருந்துச்சு. வராத பதினாலு தடவையும் பூட்டியிருந்துச்சு. இரும்பைத் தாண்டி வைஃபை உள்ள போகல. கொஞ்சம் தொறந்து வைங்கப்பா."

பஞ்சநதம் அவளை மேலயும் கீழயும் பாத்தாரு. "ஏண்டி, ஒயரே இல்லாத பிரிண்டர் அது. ஒயர் இருந்தாத்தானே கதவுல மாட்டும்? காத்துல வர்றதை கதவு எப்படித் தடுக்கும்?"

"காத்தையே கதவு தடுக்குதேப்பா!"

"வாய்! மெக்கானிக் தொடாதேன்னு சொல்லிருக்கான். அவன் படிச்சவனா, நீ படிச்சவளா?"

"அப்போ கீழ ரெஜினா அக்கா கடையில எடுத்துக்கறேன்."

"எடுத்துப் பாரு! வீட்ல மெஷினை வச்சுக்கிட்டு அவ கடையில போய் நிப்பியா? என் மானம் என்னாகிறது? காலையில தானா வரும் பாரு."

ம்.

பரீட்சை நாளும் விடிஞ்சுடுச்சு. ஞாயித்துக்கிழமை. பஞ்சநதம் குளிச்சாரு, பட்டை போட்டாரு, சாவிய இடுப்புல சொருகினாரு. "கோயிலுக்குப் போயிட்டு ஆறரைக்கு வந்து எடுத்துத் தர்றேன்"னு கெளம்பிட்டாரு. பஸ் ஏழு இருபதுக்கு. ஆறரை ஆச்சு, ஆள் இல்ல. ஏழு ஆச்சு, ஆள் இல்ல. போன் பண்ணினா சட்டைப் பைக்குள்ள மணி அடிக்குது, சட்டை கொடியில தொங்குது. அவர் எங்க இருந்தாரு தெரியுமா? கோயில் வாசல் டீக்கடையில நின்னுக்கிட்டு, "எங்க வீட்டு பிரிண்டர்ல ஒயரே கெடையாது"ன்னு நாலு பேருக்கு வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தாரு.

வான்மதி பதினோராவது தடவையா தட்டினா. "இணைப்பில் இல்லை." அவளுக்குக் கண்ணுல தண்ணி முட்டுது.

அப்போ அவ அம்மா செங்கமலம் அடுப்பை அணைச்சுட்டு வந்தாங்க. முப்பத்திமூணு வருஷமா அந்த வீட்ல சத்தமாப் பேசினதில்ல. இட்லிப் பொட்டலத்தை மகள் பையில வச்சு, "எந்திரிடி. கீழ போ. உங்கப்பா மானத்தை நான் இங்க பாத்துக்கறேன்"னாங்க.

தடதடதடன்னு படியில எறங்கினா. பரீட்சை நாள்னா பிள்ளைங்க வரும்னு ரெஜினா ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கியிருந்தாங்க. அங்க ஒரு பழைய மெஷின், பாம்பு மாதிரி தடியா ஒரு கறுப்பு ஒயர், போறவங்க வர்றவங்க காலெல்லாம் தட்டும். வான்மதி போன்ல இருந்து அனுப்பினா. ரெஜினா ஒரு வார்த்தை கேக்கல. சரட். ஒரு நிமிஷம்தான். "ஓடும்மா, பஸ் வந்துடும். நல்லா எழுது."

ஓடினா. ஏறினா. பஸ் கெளம்பிடுச்சு.

ஏழு அம்பதுக்கு பஞ்சநதம் சாவகாசமா வந்தாரு. "எங்க அவ?" செங்கமலம் இட்லித் தட்டைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. இவர் ரெண்டு பூட்டையும் தொறந்தாரு, க்ளிக், க்ளிக். பீரோக் கதவை விரியத் தொறந்தாரு.

கிர்ர்ர்!

சரட். சரட். சரட். அந்தப் பொண்ணு தட்டினது அத்தனையும் காத்துக்கிட்டு இருந்துச்சு போல. ஒண்ணு புடவை மேல, ஒண்ணு வேட்டி மேல, ஒண்ணு தரையில. பதினொண்ணும் வந்துடுச்சு. பதினோரு வான்மதி, பதினோரு போட்டோ, அத்தனையும் இவரையே பாக்குது.

பஞ்சநதத்துக்கு வேர்த்துடுச்சு. அத்தனையும் வாரி எடுத்துக்கிட்டு, செருப்புகூடப் போடாம பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாரு. பஸ் எங்க இருக்கும்? மூச்சு வாங்கத் திரும்பி வந்தாரு. வேற வழியில்ல, ஜெராக்ஸ் கடை முன்னாடி நின்னாரு. படி ஏறல. தெருவுலயே நின்னாரு.

"எம் பொண்ணு... இங்க வந்தாளா?"

"வந்தா சார். வாங்கினா. இந்நேரம் பரீட்சை ஹால் வாசலுக்கே போயிருப்பா."

பஞ்சநதம் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டாரு. பெத்த மனசுதானே, பாரம் எறங்கினது தெரிஞ்சுது. அதோட வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போவாரா? கையில இருந்த காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டி, "எங்க பிரிண்டர்லயும் வந்துடுச்சு, பாருங்க"ன்னாரு.

ரெஜினா கண்ணாடியைக் கீழ எறக்கி ஒவ்வொண்ணா எண்ணினாங்க. "பதினொண்ணு இருக்கே சார். மீதிப் பத்துப் பேரு எப்போ எழுதப் போறாங்க?"

கடையில நின்ன பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுதுங்க. அவர் அங்கயே, அந்தத் தெருவுலயே, காகிதக் கட்டை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு நின்னாரு...

தூங்கிட்ட. சரி, பரவால்ல. பொண்ணு பரீட்சை எழுதிட்டா, அது போதும் உனக்கு. இதுக்கு மேல கதை இல்ல கண்ணு. திரும்பிப் படு, தூங்கு.