கொட்டாவிக் கோடு

கோயம்புத்தூரில் பங்குச் சந்தை வகுப்பு நடத்திய தெய்வசிகாமணிக்குச் சராசரிக் கோடுகளே வேதம். சில நாட்களின் சராசரி விலை நெடுநாள் சராசரியைத் தாண்டி மேலே ஏறினால் வாங்க வேண்டும். கீழே இறங்கினால் விற்க வேண்டும். கோட்டைக் கேளாமல் அவர் தும்மவும் மாட்டார்.

ஒருநாள் காப்பி போடும் குயிலம்மாளை அழைத்தார். "நான் கேக்கறதுக்கு முன்னாடியே காப்பி வரணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!"

"ஆகட்டுங்க. உங்க முறைப்படியே கொண்டு வர்றேன்."

"என் முறை தப்பவே தப்பாது!"

குயிலம்மாள் அவருடைய கொட்டாவிகளை எண்ணிச் சுவரில் சராசரிக் கோடுகளாக வரையத் தொடங்கினாள். கோடு மேலே தாண்டினால் காப்பி.

மறுநாள் நிறைந்த வகுப்பில் அவர் கொட்டாவிமேல் கொட்டாவி விட்டார். காப்பி வரவில்லை.

"எங்கே காப்பி?"

"கோடு இன்னும் தாண்டலீங்க. அவசரப்படக் கூடாதுன்னு நீங்கதானுங்க பாடம் எடுத்தீங்க?"

அவர் மேசைமீதே உறங்கிப்போனார். குறட்டை உச்சத்தை எட்டியபோது குயிலம்மாள் காப்பியோடு வந்து அவரை உலுக்கி எழுப்பினாள்.

"ஐயா, இப்பத்தானுங்க கோடு தாண்டுச்சு! எந்திரிச்சுக் குடிங்க!"

"எல்லாம் முடிஞ்சப்புறமா சிக்னல் வரும்?" என்று கர்ஜித்தார்.

முன்வரிசை மாணவர் எழுந்தார். "விலை உச்சிக்குப் போனப்புறம் எங்களை வாங்கச் சொன்னதும் இதே மாதிரிக் கோடுதானுங்களா, சார்?"

வகுப்பே அவர் வாயைப் பார்த்தது. முறை தவறென்று ஒப்புக்கொண்டால் வகுப்பு கலைந்துவிடும். தெய்வசிகாமணி கொதிக்கும் காப்பியை ஒரே மடக்கில் விழுங்கினார்.

"சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு," என்றார், வெந்த நாக்கோடு.

"அப்ப நாளைக்கும் இப்படியே எழுப்பறேனுங்க," என்றாள் குயிலம்மாள்.