எண்பத்து நான்கு பக்கக் கோப்பு

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் அருமைநாயகம் என்றொரு வரலாற்றுப் பேராசிரியர் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. அங்கே இணைய வகுப்புகளுக்கும் அவர்தான் பொறுப்பு. இணையத்தில் பாடம் நடத்த அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் குழலி. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். இருந்தாலும் அருமைநாயகம் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை, இணைய வகுப்புகளைத் தொடர அனுமதி கேட்கும் கோப்போடு குழலியிடம் வந்து நின்றார்.

"மூணாவது தடவையாத் திரும்பிடுச்சு டீச்சர். துணைவேந்தர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். 'மேலும் விவரம் தேவை'ன்னு அதே ஒரு வரி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒவ்வொரு தடவையும் விவரம் சேர்த்தேன். இருபது பக்கமா இருந்தது எண்பத்து நாலு ஆயிடுச்சு."

"நல்ல எடை போட்டிருக்கு," என்றார் குழலி.

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால் இணைய வகுப்புகள் நின்றுவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் இருநூற்றுப் பதினாறு பேரின் படிப்பு பாதியில் அறுந்துபோகும். 'நடுவுல நிறுத்திட மாட்டீங்களே சார்?' என்று சேரும்போது கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தவர் அவர்தான்.

"பெரியவங்களை எப்படித்தான் டீச்சர் சம்மதிக்க வைக்கிறது?"

"கோப்பை அவர் மேசையிலேயே வெச்சுட்டு வந்துடுங்க. புதன்கிழமை என்கூட வாங்க. வந்து சும்மா இருங்க, போதும்."

புதன்கிழமை துணைவேந்தர் அறைக்குப் போனார்கள். கோப்பு அவர் மேசையில் அப்படியே கிடந்தது. குழலி கோப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ஐயா, தாவரவியல் மேடம் பிரசவ விடுப்புல போயிட்டாங்க. பதினோரு மணி இணைய வகுப்புக்கு ஆள் இல்லை. அலையாத்திக் காடு பாடம். நீங்க ஆராய்ச்சி பண்ணினது அதுதானே. பத்து நிமிஷம் எடுத்தாப் போதும்."

"நான் வகுப்பெடுத்துப் பதினோரு வருஷம் ஆச்சும்மா."

"பிள்ளைங்க காத்திருக்காங்கய்யா," என்று மடிக்கணினியை அவர் முன் திறந்து வைத்தார் குழலி.

திரையில் முகம் ஒன்றுகூட இல்லை. கறுப்புக் கட்டங்களில் பெயர்கள் மட்டும். துணைவேந்தர் தயங்கித் தயங்கிப் பேசினார். "யாராவது கேக்குறீங்களா?" என்று இரண்டு முறை நிறுத்தினார்.

அப்போது ஒரு கட்டம் வெளிச்சமானது. சகாயமேரி. இறால் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு விடுமுறை, அப்பாவின் படகில் உட்கார்ந்திருந்தாள். கைபேசியைச் சேற்றுப் பக்கம் திருப்பினாள். பென்சில்களை நட்டு வைத்தது போல் ஆயிரக்கணக்கான வேர்கள்.

"ஐயா, நீங்க சொல்ற வேர் இதுங்களா? வலையைக் கிழிக்குதுன்னு எங்கப்பா இதை எப்பவும் திட்டுவாருங்க."

துணைவேந்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"திட்ட வேண்டாம்னு சொல்லும்மா. அது மூச்சு விடுது. சேத்துக்குள்ள காத்து இல்ல பாரு... கிட்டக் காட்டு. இன்னும் கிட்ட. சின்னச் சின்னப் புள்ளியாத் தெரியுதா?"

"தெரியுதுங்கய்யா!"

படகின் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது: "அடியே மேரி, இத்தனை வருஷமா நான் அது மூக்கையா மிதிச்சுட்டு இருந்தேன்?"

கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஓடும் பேருந்து, துணிக்கடையின் பின்கட்டு, மருத்துவமனைத் தாழ்வாரம். துணைவேந்தரின் குரல் மாறிவிட்டிருந்தது. சேறும் வேரும் அந்தக் குரலில் உயிரோடு நின்றன. தானும் எழுந்து நிற்பதை அருமைநாயகம் அப்போதுதான் உணர்ந்தார். இத்தனை நாள் எரிச்சலோடு மட்டுமே பார்த்த அந்த முகத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவியாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். துணைவேந்தர் கையசைத்து அனுப்பினார். பத்து நிமிடம் ஐம்பது நிமிடமானது.

வகுப்பு முடிந்தும் துணைவேந்தர் உட்காரவில்லை. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காய் எதுக்கு மரத்துலயே முளைவிடுதுன்னு கடைசியா அந்தப் பொண்ணு கேட்டுச்சே. பதில் சொல்ல நேரமில்லாமப் போச்சு. அடுத்த வகுப்பு என்னைக்கும்மா?"

குழலி ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"அது உங்க மேசையிலதான் இருக்குங்கய்யா."