எதில் தலைமுழுகுவது?

தமிழில் வேற்றுமை எட்டு என்று இலக்கணக்காரர்கள் எண்ணி முடித்துவிட்ட பிறகு, மன்னர்கள் அதைப் படித்து மறந்தும்விட்ட ஒரு காலம் இருந்தது. கேளுங்கள், அந்தக் காலத்துக் கதை இது.

மேல்குன்ற நாட்டை நெடுமுடிக்கோ என்ற மன்னன் ஆண்டான். பெயரில் இருந்த நெடுமை முடிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அமைச்சர் பூதியாரின் தோளுக்குத்தான் வருவான். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே கோபுரம் போல ஒரு பொன்முடி செய்வித்து அணிந்துகொண்டான். இப்போது அமைச்சரைவிட ஒரு சாண் உயரம். உண்ணும்போதும் அதைக் கழற்றமாட்டான். உலாவும்போதும் கழற்றமாட்டான். உறங்கும்போது இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தித் தாங்கச் சொல்வான்.

அவனுக்குத் தீராத தலைவலி வந்தது. சுக்குப் பற்றுப் போட்டார்கள். நொச்சி ஆவி பிடிக்க வைத்தார்கள். கண்ணேறு கழித்தார்கள். பற்று முடியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மலையடிவாரத்தில் ஒரு சித்தர் இருந்தார். பேச்சில் கஞ்சர். மன்னனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “தலைமுழுகினால் தீரும்” என்றார்.

“எதில், சாமி?”

சித்தர் ஒரு பெருமூச்சு விட்டார். “எதில் வேண்டுமானாலும்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மன்னன் சுனை தேடிப் புறப்பட்டான்.

முதலில் திங்கட்சுனை. நிலாவே இறங்கி வந்து இங்கே மூழ்கித் தன் கறையைப் போக்கிக்கொண்டது என்றார் பூசாரி.

“கறை இன்னும் இருக்கிறதே” என்றான் மன்னன்.

“அவசரத்தில் ஒரு முழுக்குக் குறைந்துவிட்டது, அரசே.”

மன்னன் முடியைக் கழற்றிக் கரையில் வைத்து மூன்று முறை மூழ்கினான். வலி போயிற்று. தலை துவட்டி, முடி சூடி, ஊர் வந்து சேர்வதற்குள் வலியும் வந்து சேர்ந்தது.

அடுத்தது பேய்ச்சுனை. பேய் ஒன்று அதில் விழுந்து, தான் பேய் என்பதையே மறந்துபோய், கரையேறிக் கல்யாணம் செய்துகொண்டதாம். அங்கேயும் கழற்றினான், மூழ்கினான், வலி போயிற்று. சூடினான், வந்துவிட்டது.

மூன்றாவது, கல்லூற்றுப்பட்டியின் நாவற்சுனை. அதற்கு ஒரு கதையும் கிடையாது, தண்ணீர் மட்டும்தான். ஊருக்குக் குடிக்க அந்த ஒரு சுனைதான். அங்கேயும் வலி போனதும் மன்னன் கழுத்தளவு நீரில் இருந்தபடியே ஆணையிட்டான்.

“வெளியே போனால்தானே வலி வருகிறது? இனி நான் இதற்குள்ளேயே இருந்து ஆட்சி செய்வேன். நாளை காலை சுனையைச் சுற்றி முள்வேலி போடுங்கள்.”

குடத்தோடு நின்றிருந்தாள் மருதக்கண்ணி. வாய்க்குப் பேர்போனவள். “நாங்க எதைக் குடிக்கிறது, ராசா?”

“மழை வருமே” என்றார் பூதியார்.

“ஐப்பசியில வரும். இப்ப நடக்கிறது சித்திரை.”

மருதக்கண்ணி கரையில் இருந்த முடியைப் பார்த்தாள். இத்தனை கனத்தைத் தலையில் ஏற்றி உட்கார வைத்தால் எந்த ராசாவும் அரை நாழிகையில் கரையேறிவிடுவான் என்று கணக்குப் போட்டாள். உடனே சுனைக்கு ஒரு கதை பிறந்தது.

“இந்தச் சுனைக்குக் காவல் ஏழு கன்னிமாருங்க. முடி இல்லாம இறங்குறவனை ராசான்னு நம்ப மாட்டாங்க. முடியோட மூழ்கினாத்தான் பலன் நிலைக்கும்.”

மன்னன் முடியைச் சூடி மூழ்கினான். முடிக்குள் தண்ணீர் புகுந்தது. வலி வந்தது, சாதாரண வலியல்ல, உலக்கை இடி. தட்டுத்தடுமாறிக் கரையேறினான்.

“கவுத்துக் கொட்டுங்க, சாமி” என்றாள்.

கழற்றிக் கவிழ்த்தான். வலி நின்றது.

மன்னன் தன் காலைப் பார்த்தான். கால் சுனையில் இல்லை, வெறும் பாறையில் இருந்தது. மெல்ல முடியைச் சூடினான். வலித்தது. கழற்றினான். வலி இல்லை. மூன்று முறை செய்து பார்த்தான். பூதியார் வானத்தைப் பார்த்தார்.

“எதில் என்று கேட்டேனே” என்றான் மன்னன், தனக்குத்தானே. “எதை என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்.”

முடியைப் பாறைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான், அமைச்சரின் தோளுக்கு. யார் முதலில் சிரிப்பார்கள் என்று காத்திருந்தான்.

மருதக்கண்ணி கிட்டே வந்து அளந்து பார்த்தாள். “அட, நம்ம உசரந்தான்.”

மன்னன்தான் முதலில் சிரித்தான். முள்வேலி வரவில்லை. முடி ஊருக்கே கிடைத்தது. தலைகீழாகப் பிடித்தால் மூன்று குடம் தண்ணீர் கொள்ளும்.

அந்தச் சுனை தலைவலி தீர்க்கும் என்று இன்றும் சொல்கிறார்கள். பொய்யில்லை. அந்த மன்னனுக்குப் பிறகு, தலைச்சுமையை இறக்கி வைக்காமல் யாரும் அதில் முழுகுவதில்லை.

எதில் முழுகுவது என்று கேட்பவனுக்கு ஆயிரம் சுனையும் போதாது, எதைத் தலைமுழுகுவது என்று அறிந்தவனுக்கு ஒரு செம்பு நீரும் மிகுதி.