கடைசி மந்தியின் முதுகு

ஒரு மலைக்காட்டில் இருபத்திரண்டு குரங்குகள் கூட்டமாக வாழ்ந்தன. தலைவன் முறுக்கன் என்கிற கடுவன். அதற்கு உடம்பு பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது செம்பி என்கிற மந்தி. பக்கத்து மலையில் அதன் கூட்டம் முழுவதும் ஒரே பனிக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. மிஞ்சியது செம்பி மட்டும்தான்.

அந்தக் காய்ச்சல் எப்படி வருகிறது என்பது எல்லாக் குரங்குக்கும் தெரியும். மார்கழிப் பனி இறங்கினால் புல் நுனியில் உண்ணி ஏறி உட்கார்ந்துகொள்ளும். எள்ளளவுதான் இருக்கும். ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற குரங்கின் ரோமத்தில் தொற்றிக்கொண்டு, நாலு நாள் ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிவிடும். அப்புறம் காய்ச்சல், மூக்கில் ரத்தம், பெரும்பாலும் கதை முடிந்தது. ஏறிய அன்றைக்கே பிடுங்கிப் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. காய்ச்சல் வந்த பிறகு மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மார்கழி முதல் நாளிலிருந்து பனி விடும்வரை, தினமும் வெயில் ஏறியதும் எல்லாக் குரங்கும் பாறைமேல் வரிசையாக உட்காரும். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பதன் முதுகைப் பார்த்து உண்ணி எடுக்கும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் போல அங்கேயும் அந்தஸ்து என்று ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் இடம் தலைவனுக்கு. அதற்குப் பின்னால் அந்தஸ்துப்படி வரிசை போகும். கடைசி இடம் செம்பிக்கு. முறுக்கனுக்கு முன்னால் யாரும் கிடையாது. அதனால் வேலையும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சுகமாக வெயில் காயும். செம்பிக்குப் பின்னால் யாரும் கிடையாது. அதனால் அதன் முதுகைப் பார்க்க ஆளும் கிடையாது. இருபத்திரண்டில் ஒன்றுக்காவது இது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. தன் முதுகு சுத்தமாக இருக்கும்போது யார் பின்னால் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

செம்பி கைக்குத் தப்பின உண்ணி இல்லை என்று கூட்டமே சொல்லும். அதன் முன்னால் உட்காரும் சடைச்சி என்கிற மந்தி, தன் முதுகைப் போல முதுகு இந்தக் காட்டிலேயே இல்லை என்று பீற்றிக்கொள்ளும். வரிசை கலைந்த பிறகும் ஒவ்வொன்றாக வந்து, "இங்கே கொஞ்சம் பாரேன் செம்பி" என்று முதுகைக் காட்டும். உச்சி வெயில் வரை செம்பி பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் விரல் வீங்கிப்போகும். தன் மார்பையும் கை காலையும் அதுவே பார்த்துக்கொள்ளும். முதுகு எட்டாது. மரப்பட்டையில் தேய்த்துக்கொள்ளும். மரப்பட்டைக்கு உண்ணி பயப்படுமா என்ன?

மார்கழி மூன்றாம் நாள் செம்பி சடைச்சியிடம் கேட்டது.

"அக்கா, ஒரு நிமிஷம் திரும்பி என் முதுகைப் பாருங்களேன். என்னவோ ஊர்ற மாதிரி இருக்கு."

"தலைவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா? நல்லா இருக்கு நீ சொல்றது. வரிசை கலையட்டும், பாக்கறேன்."

வரிசை கலைந்தது. சடைச்சி நெல்லிக்காய் பறிக்கப் போய்விட்டது. மறுநாளும் அதே பேச்சு, அதே நெல்லிக்காய். அதற்கு மறுநாள் செம்பி மனசைத் திடப்படுத்திக்கொண்டு தலைவனிடமே போய்ச் சொன்னது. முறுக்கன் சிரித்தது.

"ஊர் முதுகையெல்லாம் பாக்கற கெட்டிக்காரி நீ. உன்மேல எந்த உண்ணிக்கு ஏறத் தைரியம் வரும்? போ, போய் வேலையைப் பாரு."

செம்பி போய் வேலையைப் பார்த்தது. அதற்குப் பிறகு அது யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். வலிக்கிறது என்று சொல்வதைவிட வலியைப் பொறுத்துக்கொள்வது சுலபமாகத் தோன்றிவிடும்.

எட்டாம் நாள் அதற்கு உடம்பெல்லாம் நோவு கண்டது. அப்போதும் வந்து உட்கார்ந்தது. விரல் நடுங்கியது. சடைச்சியின் முதுகில் இரண்டு மூன்று உண்ணியைத் தவறவிட்டது. பத்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஓடைக்கரையில் ஒரு மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டது. என்னாயிற்று என்று கேட்க ஒரு குரங்கு போகவில்லை, வாய் நனைக்க ஒரு கை தண்ணீர் கொண்டுபோகவில்லை. வரவில்லையே என்று மட்டும் சலித்துக்கொண்டன.

மறுநாள் வரிசை வழக்கம்போல் நடந்தது. கடைசியில் இருந்தது இப்போது சடைச்சி. அதன் முதுகு ஊறியது. முன்னால் இருந்த கிழக் கடுவன் மொட்டையனிடம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சியது. தலைவருக்கு முதுகு காட்ட மாட்டேன் என்று மொட்டையன் சொல்லிவிட்டது. செம்பிக்குத் தான் சொன்ன பதில் சடைச்சியின் காதுக்கே திரும்பி வந்தது. ஐந்தே நாளில் அதுவும் படுத்தது.

அப்புறம் மொட்டையன் கடைசி. அதற்கும் ஐந்து நாள். அதற்கு முன்னால் இருந்த இளமந்திக்கும் அப்படியே. இப்படி வால் பக்கமிருந்து வரிசை தேய்ந்துகொண்டே வந்தது. கடைசி இடத்துக்கு வந்தால் காய்ச்சல் வரும் என்று குரங்குகளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்குச் சாபம் என்றுகூடப் பேசிக்கொண்டன. சாபமாம்! கண்ணெதிரே இருக்கிற காரணத்தைப் பார்க்கச் சோம்பல்பட்டால் சாபத்தின் தலையில் போட்டுவிட வேண்டியதுதான்.

முறுக்கனுக்கு இது ஒன்றும் தெரியாது. அதுதான் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறதே. இருபத்தாறாம் நாள், கடைசியில் உட்கார மாட்டேன் என்று இரண்டு குரங்குகள் அடித்துக்கொண்டு அலறின. முறுக்கன் முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தது. தன்னையும் சேர்த்துப் பதினெட்டுக் குரங்குகள்தான் இருந்தன. மற்றவை எங்கே என்று கேட்டது. ஒரு குரங்கு ஓடைக்கரைப் பக்கம் கையைக் காட்டியது.

முறுக்கன் பாறையை விட்டு இறங்கி ஓடைக்கரைக்கு ஓடியது. செம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்தது. தலைவன் அதன் பின்னால் உட்கார்ந்து முதுகு ரோமத்தை விலக்கிப் பார்த்தது. ஈரப் பாறையில் கூழாங்கல் ஒட்டியிருக்கிற மாதிரி அத்தனை உண்ணி.

அவசரமாக ஒன்றைப் பிடுங்கியது. அது பாதியில் அறுந்துபோயிற்று. தலைவன் பிறந்ததிலிருந்து ஒரு உண்ணியாவது எடுத்திருந்தால்தானே!

"அப்படி இல்லைங்க," என்றது செம்பி. குரல் எழும்பவே இல்லை. "நசுக்காதீங்க. தோலோட ஒட்டிப் பிடிச்சு, நேரா மெதுவா இழுங்க."

முறுக்கன் அப்படியே செய்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் வைத்து நசுக்கியது. வெயில் சாயும்வரை எடுத்தது. செம்பியின் முதுகு சுத்தமானது. முறுக்கன் பெருமூச்சு விட்டது.

"எல்லாம் எடுத்தாச்சு செம்பி. இனி காய்ச்சல் விட்டுரும்ல?"

"உண்ணியை எடுத்துட்டீங்க. காய்ச்சலை எப்படிங்க எடுப்பீங்க? மார்கழி மூணாம் தேதி எடுத்திருந்தா சரி."

முறுக்கன் அழுதுவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. செம்பி சொன்னது.

"இனிமே வரிசையா உக்காராதீங்க. வட்டமா உக்காருங்க. வட்டத்துல கடைசின்னு யாரும் கிடையாது."

மறுநாள் காலை குரங்குகள் பாறைமேல் வட்டமாக உட்கார்ந்தன. தலைவனுக்கு முன்னால், எல்லாவற்றிலும் இளைய குரங்கின் முதுகு வந்தது. முறுக்கன் அதைப் பார்க்க ஆரம்பித்தது. ஊறுகிற முதுகெல்லாம் அன்றைக்கே சுத்தமானது. அதற்குப் பிறகு புதிதாக ஒரு குரங்கும் படுக்கவில்லை. சடைச்சியும் இளமந்தியும் தட்டுத்தடுமாறி எழுந்துவிட்டன. கிழட்டு மொட்டையன் எழவில்லை.

மார்கழி கடைசி நாள் செம்பியும் போய்விட்டது.

தை பிறந்தது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். வழி பிறந்தது, யார் இல்லை என்று சொன்னார்கள்? சொல்லிக் கொடுத்த செம்பி மட்டும் அதைப் பார்க்க இல்லை. அன்று காலை சடைச்சி வட்டத்தில் வந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை அதன் முதுகைத் தொட்டது. "செம்பி ஒரு நிமிஷம்தான் கேட்டா, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லாமப் போச்சே," என்று அது தேம்பியது. யாரும் அதைத் தேற்றவில்லை. எல்லாம் முன்னால் இருந்த முதுகைப் பார்த்தபடி இருந்தன.

நோய் வருமுன் காப்பவர்கள், தங்களைக் காக்கிற கையையும் சேர்த்துக் காக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் நோய் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.