விசில் வராத ஆட்டம்

மணல்குண்டு கல்லூரி கால்பந்து அணியில் பதினொரு பேர். பதினொருவரும் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். அணிக்குப் பிடித்த சனியனே அதுதான். ஆறு வருஷமாக ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. பாறைவிளைக் கல்லூரியோடு ஆடும் இந்த ஆட்டத்திலும் தோற்றால் மைதானம் பைக் ஸ்டாண்ட் ஆகிவிடும் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். கேப்டன் டென்சிங்குக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

ஆட்டத்துக்கு முன் கோச் மிக்கேல் சார் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ரெஃப்ரி நயினார் தங்கமான மனுசன். எந்த ஃபவுலுக்கும் விசில் ஊதமாட்டார். பயப்படாம முட்டி மோதுங்க. ஆளுக்கு ஒருத்தனைப் பிடிச்சுக்கோங்க. விசில் வர்ற வரைக்கும் விடக் கூடாது. சுடலை, நீ கோலை விட்டு நகராதே."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நயினார் தொடக்க விசில்கூட ஊதவில்லை. "ஆரம்பிங்கப்பா" என்று கையைக் காட்டினார். உடனே மணல்குண்டுப் பையன்கள் பத்துப் பேர் பாறைவிளைப் பையன்கள் பத்துப் பேரை இடுப்போடு கட்டிப் பிடித்தார்கள். டென்சிங்குக்கு வாய்த்தவன் ஒன்பதாம் நம்பர் ஜெரோம்.

"சார், பிடிச்சிருக்கான் சார்" என்றான் ஜெரோம்.

நயினார் கிட்டே வந்து பார்த்தார். "ஏதோ பிரியமா இருக்கான். இதுக்கெல்லாம் ஊதினா நல்லாவா இருக்கு?"

ஜெரோம் முழங்கையால் இடித்தான். டென்சிங்கின் மூக்கு உடைந்தது. நயினார் அதற்கும் ஊதவில்லை. ஆகவே டென்சிங்கும் விடவில்லை. இரண்டு சட்டை கிழிந்தது, ஒரு கால்சட்டை போனது. பந்து மட்டும் நடுவில் தனியாகக் கிடந்தது.

இடைவேளைக்கும் நயினார் கைதான் தட்டினார். பிடித்த பிடியிலேயே தண்ணீர் குடித்தார்கள்.

கடைசியில் பாறைவிளை கோல்கீப்பருக்குப் பொறுமை போயிற்று. நிதானமாக நடந்து வந்து பந்தை உருட்டிக்கொண்டு போனான்.

"டென்சிங், அவனைப் பிடிக்க ஆள் இல்லையேலே" என்றான், பக்கத்தில் தன் ஆளைப் பிடித்திருந்த பால்வண்ணன்.

"சார் ஆளுக்கு ஒருத்தன்னுதான் சொன்னாரு. ரெண்டு பேரைப் பிடிச்சா தப்பாயிரும்."

"நியாயம்தான்."

கோல் கம்பத்தை இறுக்கிப் பிடித்திருந்த சுடலை, பந்து உள்ளே போவதை மரியாதையாகப் பார்த்தான்.

சற்று நேரத்தில், "போதும்ப்பா, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு நயினார் சைக்கிளில் கிளம்பினார்.

"தோத்துட்டமாலே?" என்றான் பால்வண்ணன்.

டென்சிங் பிடியைத் தளர்த்தாமல் திரும்பினான். "விசில் கேட்டியா?"

"இல்ல."

"அப்ப ஆட்டம் முடியல. முடியாத ஆட்டத்துல எப்படிலே தோக்க முடியும்?"

பத்து முகமும் மலர்ந்தது. பாறைவிளை பஸ்ஸில் அவரவர் ஆளோடு ஏறிக்கொண்டார்கள்.

ஜெரோமின் அம்மா வாசலில் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "யாருடா இது?"

"தெரியலம்மா. மத்தியானத்துல இருந்து விட மாட்டேங்கான்."

"சரி, ரெண்டு பேரும் உக்காருங்க. சோறு ஆகப்போவுது."

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது.

டென்சிங் சட்டென்று கையை எடுத்தான். இரண்டு கையையும் தூக்கியபடி பத்தடி பின்னால் போய் நின்றான். ஜெரோம் மூச்சு வாங்கினான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விசில்.

"எத்தனை விசில்ம்மா வரும்?" என்றான் டென்சிங்.

"மூணு."

மூன்று விசில் அடித்தால் ஆட்டம் முடிந்தது, மைதானமும் போயிற்று. பாய்ந்து போய் அடுப்பை அணைத்தான். திரும்பி வந்து ஜெரோமை மறுபடி இடுப்போடு கட்டிக்கொண்டு, வேகாத சோற்றைப் போடச் சொல்லித் தட்டை நீட்டினான்.