ஆறு வருச மழை

"ரெண்டு டயரு யம்மா. ரெண்டும் புதுசு. ஒண்ணு ஆறுமுகநேரியில வெடிச்சுது. ஒண்ணு குளத்தூர்ல. டிரெய்லர்காரன் ஏமாத்திட்டான், டயர்க்கடைக்காரன் ஏமாத்திட்டான். நாட்டுல யோக்கியன்னு ஒருத்தன் கிடையாது."

ஜீப்பை விட்டு இறங்கியதும் தொம்மை சொன்ன முதல் பேச்சு இது.

பிரகாசி அவரைப் பார்க்கவில்லை. ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் சாய்ந்து கிடந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேம்பார் கரையில் பைபர் படகு செப்பனிடுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. மற்றவர்கள் கைவிட்ட படகு மட்டும் பிரகாசியின் பட்டறைக்கு வரும். தொம்மையைவிட அவள் இருபது வயது இளையவள். அதுவே அவருக்கு முதலில் பிடிக்கவில்லை.

"படகு யாருது அண்ணாச்சி?"

"என்னுது. கோர்ட்டே சொல்லிட்டு."

மணப்பாட்டில் தொம்மையும் தம்பி சந்தியாகுவும் சேர்ந்து வாங்கிய மோட்டார் படகு அது. வாங்கும்போதே பழசு. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்கள். மூன்று வருடம் ஓட்டினார்கள். பிறகு சண்டை. படகு சவுக்குத் தோப்பில் கிடந்தது. வழக்கு ஆறு வருடம் நடந்தது. போன மாதம்தான் தீர்ப்பு.

பிரகாசி படகைச் சுற்றி வந்தாள். விரல் முட்டியால் தட்டினாள். நின்று கேட்டாள். மறுபடி தட்டினாள்.

"என்ன, கதவா தட்டுற? உள்ளே யாரு இருக்கா?" என்றார் தொம்மை.

"நீங்க தட்டிப் பாருங்க."

தட்டினார். ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி ஒரு சத்தம்.

பின்பக்கம், அடியில், தண்ணீர் வடிகிற துளை. அதில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பித்தளைத் தக்கை திருகியிருந்தது. பிரகாசி குறடு வைத்துத் திருகினாள். அசையவில்லை. எண்ணெய் விட்டாள். மறுபடி திருகினாள்.

தக்கை வந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது.

சீறிக்கொண்டு வந்தது. மணலில் குழி பறித்தது. தொம்மையின் செருப்பு நனைந்தது.

"பாத்தியா! பாத்தியா! தீர்ப்பு வந்தப்புறம் கடல்ல முக்கியிருக்கான். எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு முக்கி எடுத்திருக்கான். இதை விடமாட்டேன்."

பிரகாசி ஒரு கை தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

"நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்தார். உப்பு இல்லை. அழுகிய இலையின் கசப்பு.

"மழை," என்றாள்.

"மழையா? அப்போ ஆண்டவரும் அவன் கட்சியா?"

"ஆறு வருச மழையை நூறு கிலோமீட்டர் இழுத்துட்டு வந்திருக்கீங்க அண்ணாச்சி. டயர் என்ன செய்யும்?"

தொம்மைக்குக் காலையில் நடந்தது நினைவு வந்தது. ஜீப் கிளம்பும்போது சந்தியாகு தோப்பு வேலியோரம் நின்றான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தான். 'அண்ணே, பாரம் சாஸ்தி. பாத்துப் போ.'

என் படகு பாரமா இல்லையான்னு இவன் யாரு சொல்ல? தொம்மை கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் வரை தண்ணீர் ஓடியது.

*

"எனக்கு ரெண்டு காரியம் ஆகணும்," என்றார் மறுநாள். "நாப்பது நாள்ல எங்க ஊர்த் திருவிழா. படகெல்லாம் வரிசையாப் போகும். என் படகு முதல்ல போகணும். அவன் கரையில நின்னு பாக்கணும். இது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"இந்தப் படகு எதனால அழுகுச்சு, யாரால அழுகுச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அடுத்த கேஸுக்கு வேணும்."

"அடுத்த கேஸா?"

"பின்னே? படகைக் குடுத்தாப் போதுமா? நல்ல படகைல்லா குடுக்கணும்!"

பிரகாசி ஒரு அரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன இது?"

"இங்க படகுக்காரர் நாற்காலியில உக்காரக் கூடாது. தளத்தை அறுங்க."

"நான் உன்கிட்ட வேலை படிக்க வரல."

"அப்போ ஜீப்பைக் கூப்பிடுங்க."

ஜீப் போய்விட்டது. தொம்மை அறுத்தார்.

*

படகின் தளத்துக்கு அடியில், மூழ்காமல் இருப்பதற்காக மஞ்சள் நுரை அடைத்திருந்தார்கள். இப்போது அது கறுத்திருந்தது. ஒவ்வொரு கட்டியையும் பெயர்த்து வெளியே போட வேண்டும். கல் மாதிரி கனத்தது. அமுக்கினால் தண்ணீர் வந்தது.

"இந்தா, இது அவன் வேலை," என்றார் ஒரு கட்டியை எறிந்து.

"இதுவும் அவன் வேலை."

"இதையும் பாரு."

பிரகாசி நிமிரவில்லை. "அண்ணாச்சி, உங்க வாய் ஓடுற வேகத்துக்குக் கை ஓடினா, திருவிழாவுக்கு என்ன, வர்ற ஞாயித்துக்கிழமையே இறக்கிரலாம்."

நுரைக்கு அடியில் மரச்சட்டங்கள் நீளவாக்கில் ஓடின. எஞ்சின் மாட்டுகிற பின்பலகையோடு அவை சேர்கிற இடத்தில் தொம்மை விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று. தேங்காய்ப் புண்ணாக்கை ஊறவைத்தது போல் இருந்தது.

அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சுத்தியலை எடுத்தார். "சந்தியாகு!" என்று ஒரு அடி. "நீ உருப்படுவியாடா!" என்று இன்னொரு அடி. நல்ல சட்டம் ஒன்று விரிசல் விட்டது.

பிரகாசி வந்து சுத்தியலைப் பிடுங்கினாள்.

"இது உங்களுக்கு என்ன செஞ்சுது?"

"எது?"

"இது. இந்தப் படகு."

தொம்மை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அது நல்லாத்தானே ஓடிச்சு? உங்களை எங்கேயாவது நடுக்கடல்ல விட்டுச்சா?"

"இல்லை."

"அப்போ அதை ஏன் அடிக்கீங்க?"

சுத்தியல் அவருக்குத் திரும்பிக் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று.

*

பன்னிரண்டாம் நாள் தொம்மை தட்டினார். காய்ந்த சிரட்டையைத் தட்டின சத்தம். இன்னும் கொஞ்சம் பின்னால் தட்டினார். சாக்குச் சத்தம்.

"இங்க இன்னும் ஈரம்," என்றார்.

பிரகாசி முதல் தடவையாக அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அது கிடக்கட்டும். நாளைக்கு ரெசின் பசை பூசிரலாம்லா? நாள் போகுது."

"சொட்டுதே."

தக்கைத் துளையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஒன்று முதல் இருபது வரை எண்ணலாம். இன்னொரு சொட்டு.

"ஒரு சொட்டுத்தானே யம்மா!"

"ஈரத்துமேல ரெசின் பிடிக்காது. பிடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டாவது அலையில உரிஞ்சு வந்திரும்."

தொம்மை எங்கிருந்தோ பெரிய மின்விசிறி ஒன்று கொண்டுவந்தார். மூன்று நாள் ஓடியது. சொட்டு நின்றது. நான்காம் நாள் காலையில் மணலில் மறுபடி ஒரு சின்னக் குழி.

"எங்கேயிருந்துதான் வருது?"

"தெரியலை."

"எல்லாத்தையும்தான் பேத்துட்டோமே!"

"எல்லாத்தையும் பேத்தா நிக்கணும். நிக்கலை."

தொம்மைக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதுவும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்? நீ சொல்லு. ஒரே கேள்வி கேக்கேன். தப்பு யாரு மேல?"

"தப்பு எதுன்னு முதல்ல சொல்லுங்க."

"தக்கை! படகு வாங்கின அன்னைக்கே நாங்க பேசி வச்சது. கரை ஏறினா, எஞ்சின் பிடிச்சவன் எஞ்சினைக் கழட்டணும். முன்னால நிக்கவன் தக்கையைக் கழட்டணும். தக்கையைக் கழட்டினாத்தான் மழை பெஞ்சா தண்ணி நிக்காது. சண்டை வந்த அன்னைக்கு எஞ்சின் பிடிச்சது நான். என் வேலையை நான் செஞ்சேன். எஞ்சினைக் கழட்டித் தோள்ல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் தக்கையைக் கழட்டலை. அப்படியே போயிட்டான். இப்போ சொல்லு."

பிரகாசி யோசித்தாள்.

"அது அவரு வேலைதான்," என்றாள்.

தொம்மைக்கு நம்ப முடியவில்லை. ஆறு வருடத்தில் இப்படி யாரும் சொன்னதில்லை. நீதிபதிகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"எழுதித் தாரியா?"

"தாரேன். அவரு அன்னைக்குக் கழட்டலைங்கறதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கா?"

"அத்தாட்சியா!"

தொம்மை ஓடினார். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்து வந்தார். அவர் முகம் கல்யாண ஆல்பம் காட்டுகிறவர் முகம் மாதிரி இருந்தது.

"எழுபத்திரண்டு படம். மாசத்துக்கு ஒண்ணு. ஸ்டூடியோவுல குடுத்துப் பிரிண்டு போட்டது. ஒவ்வொண்ணுக்கும் பின்னால தேதி."

பிரகாசி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படகின் பின்பக்கம் ஒரு பலகைமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொம்மை பக்கத்தில் நின்றார்.

எல்லாப் படத்திலும் தக்கைதான். நட்ட நடுவில். திருகின் வரைகூடத் தெரிந்தது.

முதல் படத்தில் தக்கைக்கும் மணலுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகத் தோப்பின் வெளிச்சம் தெரிந்தது.

இருபதாவது படத்தில் ஒரு சாண்.

நாற்பதாவது படத்தில் வெளிச்சம் இல்லை. ஏதோ கொடி படர்ந்திருந்தது.

கடைசிப் படத்தில் தக்கையின் கீழ் விளிம்பை மணல் தொட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிப் புதைஞ்சிருக்கு பாத்தியா," என்றார் தொம்மை. "பாரம்."

"ம்."

"அடை மழையிலயும் போவேன். கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூடப் பூசை முடிஞ்சு நேரே அங்கதான். ஒரு மாசம் தவறினது கிடையாது."

"எல்லாம் நீங்க எடுத்ததுதானா?"

"பின்னே? இதுக்கெல்லாம் இன்னொருத்தனை நம்ப முடியுமா?"

"கோர்ட்டுல படகைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களோ?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் தொடலை. தொட்டா அத்தாட்சி என்னத்துக்கு ஆகும்? அவன் விட்ட தக்கை, அவன் விட்டபடியே இருக்கட்டும்னு விட்டேன்."

பிரகாசி படங்களை அடுக்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி."

"சொல்லு."

"எவ்வளவு தூரத்துல நின்னு எடுத்தீங்க?"

"தூரமா? ஏன், தாள்ல அதையும் எழுதணுமா?"

"எழுதணும்."

"தூரமெல்லாம் கிடையாது. கிட்டத்துல உக்காந்துதான். இந்தா பாரு, இப்படி."

தொம்மை படகின் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடது கையில் போன் பிடித்திருந்த மாதிரி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். இடைவெளியை அளந்து காட்ட வலது கையை நீட்டினார்.

முழங்கை முழுசாக நீளவில்லை. அதற்குள் விரல் தக்கைத் துளையில் போய் நின்றது.

ஒரு சொட்டு வந்தது. விரல் நனைந்தது.

தொம்மை கையை எடுக்கவில்லை.